நாற்பது பருந்து கூடுதல்

நேற்றைய கணக்கில் நாற்பது பருந்து கூடுதலாக வந்துவிட்டது. குறைந்திருந்தால் திருவாழி இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். குறைவு என்றால் கண். கண்ணுக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது, சொட்டு மருந்து இருக்கிறது, போன வருஷம் வலது கண்ணில் புரை எடுத்து லென்சு வைத்தாகிவிட்டது, போதாதென்றால் இடது கண்ணிலும் வைத்துக்கொள்ளலாம். கூடுதல் என்றால் மண்டை. இல்லாத பருந்தைப் பார்ப்பவனுக்கு எந்தக் கடையில் கண்ணாடி விற்கிறான். பாறை இன்னும் ஈரமாகக் கிடந்தது. ராத்திரி பெய்த ஐப்பசி மழை குழிகளில் தேங்கி, ஒவ்வொரு குழியிலும் ஒரு துண்டு வானம். கீழே ஆரல்வாய்மொழிக் கணவாய். அதில் வரிசை வரிசையாக மின்சாரக் காற்றாடிகள், ஒன்று சுற்ற, ஒன்று சும்மா நிற்க, ஒன்று சுற்றலாமா வேண்டாமா என்று யோசிக்க. யாருக்கும் எதிலும் அவசரமில்லை. திருவாழிக்கு அவசரம். எட்டாம் மாசத்திலேயே வெளியே வந்துவிட்ட ஆள், அந்த அவசரம் இன்னும் அடங்கவில்லை என்று அவர் பெண்டாட்டி தாணம்மாள் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். மடக்கு நாற்காலியை விரித்தார். விரியவில்லை. ஒரு உதை விட்டார். விரிந்தது. எதற்கும் ஒரு உதை வேண்டியிருக்கிறது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில் டிரான்ஸ்பார்மரே அவர் உதைக்கு மசிந்திருக்கிறது. மண்டையை உதைக்க முடியுமா. நாற்பது. ஒன்றிரண்டு என்றால் காக்கை என்று சொல்லித் தப்பிக்கலாம். நாற்பது பருந்து என்பது ஒரு கல்யாண வீட்டுப் பந்தி.

கணக்கு லேசானதுதான். வடக்கே குளிர் தொடங்கியதும் பருந்துகள் தெற்கே இறங்கும், மலையை ஒட்டியே வரும். வெயில் ஏறிப் பாறை சுட்டுச் சூட்டுக்காற்று எழும்புகிற இடமாகப் பார்த்து அதில் தொற்றிக்கொண்டு, சிறகை அசைக்காமல் சுற்றிச் சுற்றி உயரத்துக்குப் போகும். பிறகு அங்கிருந்து சறுக்கிக்கொண்டே அடுத்த சூட்டுக்காற்றுக்குப் போகும். ஓசி சவாரி. டிக்கெட் கிடையாது, இறங்கச் சொல்ல ஆளும் கிடையாது. அப்படிக் கணவாயைத் தாண்டுகிறதை இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும், ஒருவர் எண்ணை ஒருவர் மத்தியானம் வரை பார்க்கக் கூடாது. ஊரிலேயே வருஷம் முழுக்கக் கிடக்கிற பருந்து சேராது, வழிப்போக்கர்கள் மட்டும். எந்த நேரத்தில் அதிகம் வருகிறது என்று தெரிந்தால் பருந்து அடிபடாமல் இருக்க அந்த நேரத்துக்குச் சில காற்றாடிகளை நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று பறவைக் குழுவை நடத்துகிற டாக்டர் பத்மகுமாரி சொல்லியிருந்தாள். அவள் மாட்டு டாக்டர். மாடு பார்த்து மிச்ச நேரத்தில் குருவி பார்ப்பவள். நேற்று சாயங்காலம் போனில் இரண்டு எண்ணையும் வாங்கி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தாள். அந்தக் கழித்தல்தான் திருவாழிக்குப் பிடிக்கவில்லை. பிறகு மாட்டிடம் பேசுகிற தன்மையான குரலில், “அண்ணாச்சி, இன்னைக்கு ஒருநாள் பாப்போம். இதே மாதிரி வந்தா நாளையிலேருந்து நீங்க ரெஸ்ட் எடுங்க, நான் வேற ஆள அனுப்புதேன்” என்றாள். ரெஸ்ட். மின்வாரியத்திலிருந்து வெளியே வந்த அன்று மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஒவ்வொருத்தனும் மைக்கில் அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னான். ரெஸ்ட் எடுத்த லைன் என்றால் கரண்டு இல்லாத லைன் என்று அர்த்தம். அதன் மேல் துணி காயப்போடலாம்.

பத்தடி தள்ளி இன்னொரு நாற்காலியில் எலியாசர் வந்து உட்கார்ந்தார். அவர் நாற்காலி உதை வாங்காமலே விரியும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திய மனிதர், விரலெல்லாம் பதமாக இருக்கும். திருவாழியின் மகள் உமையாளைக் கட்டியிருப்பது இவர் பையன். வெள்ளாளத்தெருவும் தேவாலயத்தெருவும் ஒரு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, பதிவாளர் அலுவலக வாசலில் ஒரே குடைக்கு அடியில் வந்து நின்றன. என்ன பேசுவது என்று இரண்டு அப்பாமாருக்கும் தெரியவில்லை. எதிரே செல்போன் டவரில் ஒரு பறவை வந்து உட்கார்ந்தது. திருவாழி வல்லூறு என்றார். அதே நேரத்தில் எலியாசர் பூனைப்பருந்து என்றார். அன்றைக்குத் தொடங்கிய சண்டை, எட்டு வருஷமாக நல்லபடியாக நடந்துகொண்டிருக்கிறது. சம்பந்தி என்பதில் ஒரே ஒரு கஷ்டம், ஏச முடியாது. எந்த வசவாக இருந்தாலும் பின்னால் ஒரு ‘ங்க’ ஒட்டித்தான் கொடுக்க வேண்டும். எலியாசருக்கு அந்த ஒட்டு வேலை நன்றாக வரும். உட்கார்ந்ததும் தைலம் தேய்த்துக்கொண்டே வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

“சம்பந்தி, ராத்திரி பூரா யோசிச்சேன். உங்க பக்கம் வார பருந்து போற வழியிலயே குஞ்சு பொரிச்சிருக்கும். அதான் கூடிப்போச்சு, பாத்துக்கிடுங்க.”

“பொரிக்கட்டும்” என்றார் திருவாழி.

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. சாதாரண நாளாக இருந்தால் உங்க பக்கத்துப் பருந்தெல்லாம் சர்ச் காணிக்கைத் தட்டைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கும் என்றோ வேறு எதையோ சொல்லியிருப்பார். இன்றைக்குக் கழுத்தைத் திருப்பி மேகத்தைப் பார்த்தார். வடக்கே மேகம் கொஞ்சம் விலகிற்று. முதல் பருந்து ஒற்றையாக வந்தது, பூனைப்பருந்து, சிறகை மேலே தூக்கி இங்கிலீஷ் வி போல வைத்துக்கொண்டு, குடித்தவன் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி ஆடி ஆடி. அமுக்கினார். கட்டைவிரலுக்குக் கீழே குமிழ் இறங்கி ஏறியது. இந்த மெஷின் இரண்டு நாளாகத்தான். கைக்குள் அடங்குகிற உருண்டை, குமிழை ஒரு அமுக்கு அமுக்கினால் ஒரு எண் ஏறும். இதற்கு முன் புளியங்கொட்டை. பத்துப் பருந்துக்கு ஒரு கொட்டை, இடது பையிலிருந்து வலது பைக்கு. வேட்டியில் பை இல்லாததால் அதற்காகவே கால்சட்டை போட்டு வந்தார். கொட்டை வைத்து எண்ணிய நாட்களில் இரண்டு பேர் கணக்கும் அண்ணன் தம்பி போல் ஒட்டி நின்றது. மெஷின் வந்தது, பிரிந்துவிட்டது. மெஷின் கோளாறு என்று நேற்று ராத்திரி சந்தோஷமாக நினைத்தார். சாப்பிடாமல் உட்கார்ந்து நூறு தடவை அமுக்கினார். நூறு காட்டியது. மறுபடி நூறு. இருநூறு காட்டியது. தாணம்மாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன ஜெபமா என்று கேட்டாள். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. அதைவிட மோசமான செய்தி வேறு இல்லை.

அண்ணனுக்கும் கூடுதலில்தான் தொடங்கியது. ஒருநாள் மத்தியானம் வீட்டில் ஐந்து பேர், அண்ணன் ஏழு இலை போட்டான். யாருக்கு என்று கேட்டதற்குப் பெரியப்பாவுக்கும் தபால்காரருக்கும் என்றான். பெரியப்பா செத்து இருபது வருஷம். தபால்காரர் எப்போது எங்கே செத்தார் என்று யாருக்குமே தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள், திருவாழிதான் பெரிதாகச் சிரித்தது. அடுத்த மாசம் ஒன்பது இலை. கடைசிக் காலத்தில் வாழைத்தோப்பே பற்றவில்லை, கூடம் முழுக்க இலை போட்டுத் தண்ணீர் தெளித்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பான், முகத்தில் அப்படி ஒரு நிறைவு, ஊரில் உள்ள அத்தனை பேரும் வந்துவிட்ட மாதிரி. அதுதான் திருவாழிக்கு இப்போது உறைக்கிறது. அண்ணனுக்குக் கஷ்டமே இல்லை. கூடுதலாகப் பார்ப்பவனுக்குக் கூடுதல் என்று தெரியாது. நேற்று அவரும் நாற்காலியைவிட்டு எழுந்தபோது நல்ல மனநிறைவோடுதான் எழுந்தார், ஒன்றுகூடத் தப்பவில்லை என்று. ஏழு இலை. நாற்பது பருந்து. அண்ணனாவது இரண்டில் தொடங்கினான். பஞ்சுருட்டான் கூட்டம் ஒன்று பச்சையும் நீலமுமாகக் கிலுகிலுத்துக்கொண்டு தலைக்கு மேல் போனது, அதற்கு வேறு கணக்கு, எலியாசர் சொல்லுவார். தகைவிலான்கள் கம்பியில் உட்கார இடம் தேடிக் காற்றாடிகளைச் சுற்றின. அந்தப் பக்கம் கருடன் ஒன்று, செங்கல் நிறச் சிறகும் வெள்ளை நெஞ்சுமாக, குளத்துப் பக்கமிருந்து ஏறி வந்தது. உள்ளூர்க்காரன், கணக்கில் சேராது. கை தானாகக் கன்னத்துக்குப் போனது, வலது, இடது, வலது. பெருமாள் வாகனம், கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் இருக்க அவரால் முடியாது. கம்பத்தின் உச்சியில் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தபோதுகூட முடியவில்லை, கையில் கட்டிங் பிளேயர் இருப்பதை மறந்து போட்டுக்கொண்டு முன்பல் பாதி போயிற்று. கீழே நின்ற ஹெல்பர்மார் ஒரு வாரம் சிரித்தார்கள். பல் போன அன்று மண்டையைப் பற்றி யாரும் சந்தேகப்படவில்லை. அந்தக் காலம் வேறு.

மண்டையைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. அவர் பார்த்த கடைசி செக்‌ஷனில் எட்டு டிரான்ஸ்பார்மர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்லுவார். கொல்லன்விளை. பள்ளிமுக்கு. ஐஸ் பாக்டரி. சர்ச் வளைவு. புளியமூடு. ரைஸ்மில். ரைஸ்மில்லுக்கு அப்புறம். கடைசி சுடுகாட்டுமுக்கு, அது தெரியும். ரைஸ்மில்லுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் ஒன்று. நாலு தேன்பருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்தது, அமுக்கு, அமுக்கு, அமுக்கு, அமுக்கு. தேன்பருந்து தலை சின்னது, புறா கழுத்தைக் கடன் வாங்கிய மாதிரி நீட்டிக்கொண்டு போகும். ரைஸ்மில்லில் வலதுபக்கம் திரும்பினால் ஒரு சரிவு, சரிவில் ஒரு வேப்பமரம், மழைநாளில் அதன் கொப்பு கம்பியில் உரசிப் பொறி பறக்கும், அதை வெட்டப் போய்க் கட்டெறும்பு கடித்தது, எந்தத் தொடையில் கடித்தது என்றுகூட நினைவிருக்கிறது, பெயர் மட்டும் இல்லை. கட்டெறும்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய. கொல்லன்விளை, பள்ளிமுக்கு, ஐஸ் பாக்டரி. வேகமாகச் சொன்னால் தானாக வந்து விழும் என்று வேகமாகச் சொன்னார். ரைஸ்மில், சுடுகாட்டுமுக்கு. ஏழாவது இருக்கிற இடத்தில் நாக்கு பல் போன ஓட்டையில் நுழைந்து வந்தது. ஆக இங்கே ஒன்று குறைகிறது, அங்கே நாற்பது கூடுகிறது. மொத்தத்தில் ஏதோ ஓரிடத்தில் ஓட்டை விழுந்து, பெயர்கள் வெளியே ஒழுகிப் பருந்தாகப் பறந்துகொண்டிருக்கின்றன. இதைத் தாணம்மாளிடம் சொன்னால் தலையில் எண்ணெய் வைப்பாள். எலியாசரிடம் சொன்னால் ஜெபம் பண்ணுவார். இரண்டும் வேண்டாம்.

எலியாசரின் சம்சாரமும் இன்றைக்கு வந்திருந்தாள். நேற்று சம்பந்திகள் இரண்டு பேரும் ஜீப்பில் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தார்கள் என்ற சேதி உமையாள் வழியாக அவளுக்குப் போயிருக்கும். மரச்சீனிக்கிழங்கும் சாளை மீன்கறியும் தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருக்கிறேன், சண்டை போட்டாலும் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள் என்று வந்தவுடனே சொல்லிவிட்டாள். புரட்டாசி முடிந்துவிட்டது, மீனுக்குத் தடை இல்லை. திருவாழிக்கு அந்தச் சட்டியின் பக்கமிருந்து வாசனை வரும்போதெல்லாம் மண்டையைப் பற்றிய பயம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. அவள் இரண்டு நாற்காலிக்கும் நடுவில், கொஞ்சம் முன்னால், பாறைச் சரிவில் குடையை விரித்து வைத்துக்கொண்டு, இவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்து, மடியில் தட்டப்பயறு உரித்துக்கொண்டிருந்தாள். வானத்தைப் பார்க்கவே இல்லை. கழுத்து எலும்பு தேய்ந்துபோய், அண்ணாந்தால் தலைசுற்றும். அதனால் பருந்து அவளுக்கு எப்போதும் கீழே ஓடுகிற நிழல்தான். கணவாய்க் காற்று காதை அடைத்துக்கொண்டு வீசியது. அதில் யார் இருமினாலும் யாருக்கும் கேட்காது. அவள் ஏதோ சொல்லி, எலியாசர் என்ன என்று கேட்டு, அவள் ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு, மறுபடி பயறுக்குப் போனாள். கருடன் மறுபடியும் வந்தது, ஜோடியும் கூட. வலது, இடது, வலது. அதற்கும் ஒருமுறை. இன்றைக்கு மழை விட்ட வெயிலுக்குக் கருடனுக்கெல்லாம் குஷி. சம்பந்தியம்மா அவரையே பார்த்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. சாமி கும்பிடுகிறவனைச் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்து விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தார். பார்க்கட்டும்.

வெயில் ஏறியது. பாறைக் குழிகளில் வானம் வற்றியது. அப்போதுதான் வடக்கு மலைமுடிக்கு மேல் பருந்துகள் கூடின. முதலில் கரும்புள்ளிகள், தூசி என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தோன்றும். பிறகு புள்ளிகள் திரும்பும்போது வெயில் பட்டு மின்னின. இருபது, ஐம்பது, எண்ண முடியாத ஒரு தூண், கீழே அகலமாகவும் மேலே போகப்போகக் கூர்மையாகவும், கொதிக்கிற பானையில் பருப்பு சுழல்வது போல ஒன்றையொன்று இடிக்காமல் சுழன்றது. தேன்பருந்து, அத்தனையும் தேன்பருந்து, நடுவில் எவனோ ஒரு கழுகு வழிதவறிய மாமனார் மாதிரி பெரிதாக. திருவாழிக்கு நெஞ்சுக்குள் ஏதோ திறந்தது. பயமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். சுற்றும்போது எண்ணக் கூடாது, எண்ணினால் போனதே மறுபடி வரும். உச்சிக்குப் போய் ஒவ்வொன்றாகச் சறுக்கத் தொடங்கும் அல்லவா, அப்போது எண்ண வேண்டும், அரிசி மூட்டையில் ஓட்டை போட்டால் ஒழுகுமே, அந்த ஒழுக்கை. ஒழுகத் தொடங்கியது. சிறகை மடக்கி ஒன்று, பின்னாலேயே ஒன்று, மூன்று சேர்ந்து, ஒன்று, இரண்டு. கட்டைவிரல் ஓடியது. மண்டையில் ஒரு சத்தமும் இல்லை. அண்ணன் இல்லை, ஏழாவது டிரான்ஸ்பார்மர் இல்லை, பருந்தும் விரலும் மட்டும். கருடன் குறுக்கே ஒருமுறை போனது, கை போய்விட்டு உடனே திரும்பியது, ஒழுக்கு அறவில்லை. தலைக்கு நேர்மேலே போனபோது ஒரு பருந்து தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது, நீயும் எண்ணப்பட்டாய் என்கிற மாதிரி. எவ்வளவோ தூரத்திலிருந்து வருகிற பயல், ஒரு பெட்டி இல்லை, படுக்கை இல்லை, முகவரி இல்லை. கடைசிப் பருந்தும் தெற்கே கரைந்தபோது கழுத்து கல்லாகியிருந்தது. எலியாசர் எழுந்து நின்று, ஆண்டவரே என்று மட்டும் சொன்னார். எட்டு வருஷத்தில் முதல்முறையாகத் திருவாழிக்கு அவர் சொன்னதில் மறுப்பு இல்லை.

மத்தியானம் ஆயிற்று. சட்டி திறந்தது. கிழங்கு ஆவி பறந்தது. சாப்பிடுவதற்கு முன் எண் பார்த்துவிடலாம் என்று எலியாசர் சொன்னார், சாப்பிட்ட பிறகு பார்க்கலாம் என்று சம்பந்தியம்மா சொன்னாள். திருவாழி மெஷினோடு கையை நீட்டினார். நீட்டும்போதே தெரிந்தது, நெஞ்சு தெரிந்துகொண்டது. எலியாசர் தன்னுடையதை வாசித்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு. திருவாழியுடையதைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாசித்தார். அறுநூற்று முப்பத்தேழு. இருபத்தைந்து கூடுதல். இந்தத் தடவை எலியாசர் குஞ்சு பொரித்த கதை எதுவும் சொல்லவில்லை. அவர் கேலி பண்ணாததுதான் திருவாழியை அடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெஷினில் காற்றுத் தூசி போயிருக்கும் என்று ஏதோ முணுமுணுத்தார் மனிதர். சம்பந்தி பொய் சொல்லப் பழகாதவர், காது சிவந்துவிட்டது. ஆக இப்படித்தான் அது வரும். ஊர் சிரிப்பதை நிறுத்தும், அன்பாகப் பேசத் தொடங்கும். அண்ணனிடம் கடைசியில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள், ஆமா பெரியவரே, தபால்காரர் இப்போ வந்துருவார். கீழே காற்றாடிகள் சுற்றின. முன்னால் ஒரு இலைத்துண்டில் கிழங்கு வைத்திருந்தாள். மூன்று பேர், மூன்று இலை. ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார். மூன்றுதான்.

“நாளைக்கு நான் வரல” என்றார் திருவாழி. “டாக்டரம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க.”

சம்பந்தியம்மா மீன்கறிக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா. கோவிச்சுக்கிடப்பிடாது.”

கேளுங்கள் என்கிற மாதிரி கையை அசைத்தார்.

“கன்னத்துல போடுதியளே, அப்ப அந்த மெஷின எங்க வைக்கிய?”

அவருக்குப் புரியவில்லை. கன்னத்தில் போடுவதற்கும் மெஷினுக்கும் என்ன. வேதக்காரி ஏதோ சாமி சமாச்சாரம் கேட்கிறாள் என்று நினைத்து, அது எங்க வழக்கம் என்று தொடங்கினார். தொடங்கிய வாய் முடியவில்லை, ஏனென்றால் கருடன் வந்துவிட்டது. குளத்துப் பக்கமிருந்து, தாழ்வாக, வெள்ளை நெஞ்சைக் காட்டிக்கொண்டு, மீன்கறி வாசனைக்கு வந்ததோ என்னவோ. அவர் கை எழுந்தது, வலது, இடது, வலது. எழுந்த கைக்குள் மெஷின், அதன் குமிழ் மேல் கட்டைவிரல், கட்டைவிரல் தாடை எலும்பில். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து அவள் கையை நீட்டிச் சுட்டிக் காட்டினாள். எலியாசர் குனிந்து எண்ணைப் பார்த்தார். அறுநூற்று நாற்பது. அப்போதுதான் பார்த்து முடித்த அறுநூற்று முப்பத்தேழு, வானத்தில் ஒரு வழிப்போக்கனும் இல்லாமல், அறுநூற்று நாற்பது ஆகியிருந்தது.

எலியாசருக்குத் தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிப்பை அடக்கப் பார்த்துப் புரையேறி, நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, மூச்சு வாங்கி, உங்க பெருமாள் ஒரு தடவ போனா மூணு டிக்கெட் எடுக்காரே சம்பந்தி என்று சொல்லிவிட்டு மறுபடி சாய்ந்தார். திருவாழிக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிங் பிளேயர். முன்பல். அன்றைக்கும் இதே கை, இதே கன்னம். ஒரு மனிதன் ஒரே தப்பை முப்பது வருஷ இடைவெளியில் இரண்டுமுறை செய்தால் அதற்குப் பெயர் மறதி இல்லை, குணம். குணத்துக்கு யாரும் ரெஸ்ட் கொடுக்க முடியாது. சம்பந்தியம்மா மடிக்குப் பக்கத்தில் பாறை மேல் தனியாக ஒதுக்கி வைத்திருந்த பயறுகளைக் காட்டினாள். காலையிலிருந்து அவர் கன்னத்தில் போட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று வைத்திருந்தாளாம், முதல் தடவையே அந்தக் குமிழ் அமுங்கியதைப் பார்த்தாளாம், சொன்னால் சாமி விஷயத்தில் தலையிடுகிற மாதிரி ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டாளாம், அவர் வரவில்லை என்று சொன்னதும்தான் பொறுக்க முடியவில்லையாம். எல்லாரும் மேல பாக்கிய, எனக்குப் பாக்கதுக்கு நீங்க ரெண்டு பேருதானே இருக்கிய என்றாள். ஒன்பது பயறு. ஒன்பது மூன்று இருபத்தேழு. அறுநூற்று முப்பத்தேழில் இருபத்தேழு போனால் அறுநூற்றுப் பத்து. எலியாசருக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு.

“ரெண்டு குறையுது” என்றார் எலியாசர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

குறைகிறது. திருவாழி அந்தச் சொல்லை மெதுவாக வாயில் போட்டுப் பார்த்தார். குறைகிறது. இரண்டு பருந்து அவர் கண்ணில் படாமல் போய்விட்டது. இடது கண்ணாகத்தான் இருக்கும், அந்தப் பக்கம் கொஞ்சம் மங்கல்தான். குறைவு என்றால் கண். கண்ணுக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது. இப்போது சிரிப்பு வந்தது. அடிவயிற்றிலிருந்து, பாதிப் பல்லும் தெரிய, கிழங்கை இலையிலிருந்து எடுத்த கை அந்தரத்தில் நிற்க, பாறையே கேட்கிற மாதிரி. அந்தச் சிரிப்பின் நடுவில் ரைஸ்மில்லைத் தாண்டிச் சரிவில் இறங்கி, வேப்பமரத்தைக் கடந்து, ஏழாவது டிரான்ஸ்பார்மர் தானாக நடந்து வந்து நின்றது. மாட்டாஸ்பத்திரி. டாக்டரம்மா மேல் இருந்த கோபத்தில் மண்டை அதை ஒளித்து வைத்திருந்திருக்கிறது. நல்ல மண்டை. உதைக்க வேண்டாம். கொல்லன்விளை, பள்ளிமுக்கு, ஐஸ் பாக்டரி, சர்ச் வளைவு, புளியமூடு, ரைஸ்மில், மாட்டாஸ்பத்திரி, சுடுகாட்டுமுக்கு. சுடுகாட்டுமுக்கு இப்போதைக்குக் கடைசியாகவே இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் மீன் போடச் சொன்னார். சாளை இந்த மாதிரி ருசித்து எவ்வளவு காலம் ஆயிற்று.

சாப்பிட்டு முடிந்ததும் யாரும் சொல்லாமலே வேலை மாறிவிட்டது. மெஷினை அவர் சம்பந்தியம்மாவின் கையில் வைத்தார். அவர் வானத்தைப் பார்த்துச் சொல்லுவார், அவள் கீழே பார்த்தபடி அமுக்குவாள். அவளுக்கு அண்ணாந்து பார்க்கவும் வேண்டாம், கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். எலியாசர் இது கூட்டணி என்று முறையிட்டார், தனக்கும் ஒரு ஆள் வேண்டும் என்றார், உங்களுக்கு எதுக்கு, நீங்க முழிச்சிருந்தாலே போதும் என்று அவள் சொன்னது காற்றையும் தாண்டிக் கேட்டது. கருடன் இன்னும் இரண்டுமுறை வந்தது. திருவாழி இரண்டுமுறையும் கை காலியாக, நிம்மதியாக, ஓசை வருகிற மாதிரி போட்டுக்கொண்டார். சாயங்காலம் மேகம் திரும்பக் கூடியபோது டாக்டர் பத்மகுமாரியின் போன் வந்தது. எண்களைச் சொன்னார். நேற்றைக்கும் இப்படித்தான் நடந்திருக்கும், பதினாலு கருடன் வந்து, நேற்றும் இரண்டு பருந்து தப்பியிருந்தால் சரியாக இருக்கும் என்றார். எப்படி என்று கேட்டாள். சொன்னார். அவள் சிரித்து முடிக்கும்வரை, வழக்கத்துக்கு மாறாக, பொறுமையாகப் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நாளைக்கும் இரண்டு பேரும் வாருங்கள் என்றாள். மூன்று பேர் என்றார். மூன்றாவது யார், கணக்கைச் சரி பண்ணியது யார், பெயரைச் சொல்லுங்கள், எண்ணியவர்கள் வரிசையில் சேர்த்துக்கொள்கிறேன் என்று கேட்டாள். திருவாழி எட்டு வருஷமாகச் சம்பந்தியம்மா என்றே கூப்பிட்டு வந்தவர். பெயர் கல்யாணப் பத்திரிகையில் இருந்தது, ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. மண்டை அதைத் தேடப் போகவில்லை, அது வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. பாறைச் சரிவில் குடையை மடக்கி, ஒன்பது பயறையும் பொறுக்கிச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். காற்றில் போன் அந்தப் பக்கம் கேட்குமோ கேட்காதோ என்று கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

“ஞானப்பூ.”